கியூஓ-100 அமெச்சூர் தொலைக்காட்சியைக் கணினியில் பெற ஒரு ரிசீவர்: கட்டும் முறையும் நம் ஊருக்கான கணக்குகளும்

மாடியில் சும்மா கிடக்கும் டிடிஎச் டிஷ்ஷையும் ஒரு மடிக்கணினியையும் வைத்துக்கொண்டு, கியூஓ-100 செயற்கைக்கோள் வழியாக ஹாம்கள், அதாவது உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர்கள், அனுப்பும் டிஜிட்டல் தொலைக்காட்சியைத் தமிழ்நாட்டிலிருந்து பார்க்க முடியுமா, அதற்குச் செட்டாப் பாக்ஸ் போதாதா, மினிட்யூனர் என்ற யூஎஸ்பி ரிசீவர் பலகையை நாமே கட்டினால் என்ன கூடுதல் பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்க முடியும். சாதாரண செட்டாப் பாக்ஸ் போதாது. கட்டுவதன் முதன்மையான பயனாக நான் கருதுவது ஒன்றுதான்: படம் வராதபோது அது ஏன் வரவில்லை என்பதை எண்களாகக் காட்டும் ரிசீவர் இது. பலவீனமான சிக்னலோடு வேலை செய்யும் ஒருவருக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை என்பதால், அந்த எண்களைப் படிக்கும் வழியையும் சேர்த்தே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நாம் பிடிக்கப்போகும் சிக்னலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கத்தாரின் எஸ்ஹெய்ல்-2 என்ற தொலைக்காட்சிச் செயற்கைக்கோள் 2018 நவம்பர் 15 அன்று ஃபால்கன் 9 ராக்கெட்டில் ஏவப்பட்டது. அதில் ஹாம்களுக்கென்று இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள், அதாவது பூமியிலிருந்து வரும் சிக்னலை வாங்கி வேறு அதிர்வெண்ணில் திருப்பி அனுப்பும் கருவிகள், வைக்கப்பட்டன. அவற்றுக்குத்தான் கியூஓ-100 என்று பெயர். புவிநிலைப் பாதையில் அமைந்த முதல் அமெச்சூர் வானொலிக் கருவி அதுவே. கத்தார் அமெச்சூர் வானொலிச் சங்கம், செயற்கைக்கோளின் உரிமையாளரான எஸ்ஹெய்ல்சாட், ஜெர்மனியின் ஆம்சாட்-டிஎல் ஆகியவை சேர்ந்து இதைச் சாத்தியமாக்கின. இரண்டில் ஒன்று குரலுக்கும் மோர்ஸுக்குமான குறுகிய பட்டை. மற்றொன்று தொலைக்காட்சிக்கான 8 மெகாஹெர்ட்ஸ் அகலப் பட்டை. இந்த அகலப் பட்டைக்கு 2401.5 முதல் 2409.5 மெகாஹெர்ட்ஸ் வரை மேலே அனுப்புகிறார்கள். அது 10491 முதல் 10499 மெகாஹெர்ட்ஸ் வரை கீழே இறங்கி வருகிறது. பட்டையின் கீழ்முனையில், 10491.5 மெகாஹெர்ட்ஸில், பீக்கன் என்ற அடையாள ஒளிபரப்பு ஒன்று இரவும் பகலும் படம் அனுப்பிக்கொண்டிருக்கிறது: டிவிபி-எஸ்2 என்ற செயற்கைக்கோள் ஒளிபரப்பு முறை, கியூபிஎஸ்கே என்ற பண்பேற்றம், நொடிக்கு 15 லட்சம் சிம்பல் (சிம்பல் என்பது ஒருமுறை அனுப்பும் குறி, கியூபிஎஸ்கேயில் ஒன்றுக்கு இரண்டு பிட்), பிழைதிருத்த விகிதம் 4/5 (ஐந்து பிட்டில் நான்கு தரவு, மீதி பிழை திருத்த). மற்ற நிலையங்கள் அந்தப் பீக்கனைவிடக் குறைந்தது 1 டெசிபல் தணிந்தே அனுப்ப வேண்டும் என்பது விதி. ஆகையால் பீக்கனே இந்தப் பட்டையின் மிக வலுவான சிக்னல். உங்கள் வேலை முழுவதும் அதைப் பிடிப்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

செட்டாப் பாக்ஸ் ஏன் போதாது என்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. டிஷ்ஷின் முனையில் இருக்கும் யுனிவர்சல் எல்என்பி என்ற சிறு வாங்கி, 9750 மெகாஹெர்ட்ஸ் உள் அலைவியை (தனக்குள்ளேயே அலையை உண்டாக்கும் சுற்று) கொண்டு சிக்னலின் அதிர்வெண்ணைக் கீழே இறக்குகிறது. 10491.5 இலிருந்து 9750 ஐக் கழித்தால் கேபிளில் இறங்கி வருவது 741.5 மெகாஹெர்ட்ஸ். செட்டாப் பாக்ஸ்களின் டியூனரோ 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரைக்குமே வடிவமைக்கப்பட்டது. அடுத்தது சிம்பல் வீதம். வணிக ஒளிபரப்புகள் நொடிக்குக் கோடிக்கணக்கான சிம்பல்களில் ஓடுகின்றன. பாக்ஸின் மென்பொருளும் 10 அல்லது 20 லட்சத்துக்குக் கீழே பார்க்க மறுத்துவிடும். ஹாம்கள் பெரும்பாலும் பயன்படுத்துவதோ 333 கிலோ சிம்பல். அதற்கும் கீழே 250, 125, 66, 33 என்றெல்லாம் போகிறார்கள். மூன்றாவது காரணம் நான் முன்பே சொன்னது. ‘சிக்னல் இல்லை’ என்ற ஒரே வரியைத் தவிர அந்தப் பெட்டி வேறெதுவும் சொல்லாது. குறை டிஷ்ஷிலா, எல்என்பியிலா, கேபிளிலா, அதிர்வெண் விலகலிலா என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது.

மினிட்யூனர் பிறந்த கதை சுருக்கமானது. பிரெஞ்சு ஹாம் ஒருவர், டெக்னோட்ரெண்ட் நிறுவனத்தின் எஸ்2-1600 என்ற கணினி அட்டைக்காக டுட்யூன் என்ற மென்பொருளை எழுதினார். பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து 2395 மெகாஹெர்ட்ஸில் வந்த ஹாம்டிவி ஒளிபரப்பைப் பிடித்துப் பகுத்தாய அது பெரிதும் உதவியது. அந்த அட்டை கடைகளில் கிடைக்காமல் போனபோது, அதே வேலையை யூஎஸ்பி வழியாகச் செய்யும் சிறு பலகையையும் மினிட்யூன் என்ற விண்டோஸ் மென்பொருளையும் அவரே உருவாக்கினார். 1949 முதல் இயங்கிவரும் பிரிட்டிஷ் அமெச்சூர் தொலைக்காட்சிக் கழகம், அதாவது பிஏடிசி, அதற்கான பிசிபி எனும் வெற்றுச் சுற்றுப் பலகையையும் உதிரிகளையும் உறுப்பினர்களுக்குக் கிடைக்கச் செய்தது.

பலகையின் உள்ளே இருக்கும் முக்கியப் பொருள்கள் இரண்டே. ஒன்று, செரிட் எஃப்டிஎஸ்-4334 போன்ற ஒரு நிம். நிம் என்பது தகரப் பெட்டிக்குள் டியூனரையும், சிக்னலிலிருந்து தரவைப் பிரித்தெடுக்கும் டிமாடுலேட்டரையும் சேர்த்து அடைத்து விற்கும் மாட்யூல். இதற்குள் எஸ்டி நிறுவனத்தின் எஸ்டிவி6120 டியூனர் சிப்பும் எஸ்டிவி0910 டிமாடுலேட்டர் சிப்பும் உள்ளன. இரண்டு எஃப் சாக்கெட்டுகள் இருக்கும். தரவு ஏட்டில் உள்ள எல்லைகளைத் தாண்டி, ஏறத்தாழ 144 மெகாஹெர்ட்ஸ் முதல் 2450 மெகாஹெர்ட்ஸ் வரை இது வேலை செய்வதை ஹாம்கள் பயன்படுத்திக் கண்டிருக்கிறார்கள். இரண்டாவது பொருள் எஃப்டி2232எச் என்ற யூஎஸ்பி மாட்யூல். அதற்கு இரண்டு வாயில்கள் உண்டு. ஒன்றின் வழியாக ஐ2சி என்ற இருகம்பித் தொடர்பு முறையில் கணினி நிம்முக்குக் கட்டளை இடுகிறது: இந்த அதிர்வெண்ணுக்குப் போ, இந்தச் சிம்பல் வீதத்தைத் தேடு, இப்போது பிழை எவ்வளவு என்று சொல். மற்றொன்றின் வழியாக, டிமாடுலேட்டர் பிழை திருத்தி வெளியிடும் டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம், அதாவது படமும் ஒலியும் சேர்ந்த தரவோட்டம், எட்டு பிட் இணைகோடுகளில் கணினிக்குள் ஓடி வருகிறது. சிக்னலை உடைத்துத் தரவாக்கும் கடினமான வேலை முழுவதையும் நிம்மே முடித்துவிடுவதால், கணினிக்குப் படத்தைக் காட்டுகிற வேலை மட்டுமே மிச்சம். பத்தாண்டு பழைய மடிக்கணினியே இதற்குப் போதும்.

கட்டும் வரிசையில் நான் பிடிவாதமாக இருப்பேன். முதலில் பவர் பகுதியை மட்டும் சால்டர் செய்யுங்கள். நிம்முக்கு 3.3 வோல்ட்டும், டிமாடுலேட்டரின் உட்கருவுக்கு ஏறத்தாழ 1 வோல்ட்டும் வேண்டும். அந்த 1 வோல்ட் கோட்டில் 3.3 வோல்ட் ஏறிவிட்டால் சிப் அந்தக் கணமே போய்விடும். நிம் மறுபடி வாங்குவது எளிதல்ல. ஆகவே நிம்மைப் பலகையில் வைப்பதற்கு முன்பே, இரண்டு ரெகுலேட்டர்களின் வெளியீட்டையும் நிம் உட்காரும் துளைகளிலேயே மல்டிமீட்டர் முனையை வைத்து அளந்து பாருங்கள். ரெகுலேட்டரின் காலில் அளப்பது போதாது. ரெகுலேட்டரிலிருந்து துளை வரை செல்லும் தடத்தில் சால்டர் வழிந்திருக்கலாம், விட்டும் போயிருக்கலாம். இரண்டும் சரியாக இருந்தால் அடுத்து யூஎஸ்பி மாட்யூல், கடைசியாகத்தான் நிம். நிம்மின் தகரப் பெட்டி தரையோடு நான்கு மூலைகளிலும் நன்றாகச் சால்டர் ஆகியிருக்க வேண்டும். அதற்குச் சூடு நிறையத் தேவைப்படும். மெல்லிய முனை கொண்ட சால்டரிங் அயர்னை வெகுநேரம் அழுத்திக்கொண்டிருப்பதைவிட, அகன்ற முனை கொண்ட 60 வாட் அயர்னால் சில நொடிகளில் முடிப்பது நல்லது. வேலை செய்யும்போது நிம் நன்றாகவே சூடாகும். பெட்டிக்குள் அடைத்தால் காற்றுத் துளைகள் விடுங்கள்.

யூஎஸ்பி மாட்யூல் கடையிலிருந்து வரும் நிலையில், கணினி அதை ஒரு சீரியல் போர்ட்டாகவே அடையாளம் காணும். அதன் உள்நினைவகத்தில் எஃப்டி புராக் என்ற இலவசக் கருவியால், பிஏடிசி தரும் அமைப்புக் கோப்பை ஒருமுறை எழுத வேண்டும். அதன்பின் டி2எக்ஸ்எக்ஸ் டிரைவரில் இயங்கும் சாதனமாகவும், மென்பொருள் தேடுகிற பெயரோடும் அது தோன்றும். ‘பலகையைக் கணினி பார்க்கிறது, மினிட்யூன் மட்டும் பார்க்கவில்லை’ என்று எழும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் படியைத் தவறவிட்டதே காரணம். அண்மையில் எஃப்டி2232எச் மாட்யூலுக்குப் பதிலாக விலை குறைந்த ராஸ்பெர்ரி பை பிகோவைப் பயன்படுத்தும் பிகோட்யூனர் என்ற வடிவமும் வந்திருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர் அதையும் எண்ணிப் பார்க்கலாம். ஆனால் அதற்கு ஓப்பன்ட்யூனர் போன்ற, பிகோவை அறிந்த மென்பொருள் வேண்டும்.

அடுத்தது எல்என்பிக்கான மின்சாரம். டிடிஎச் பெட்டி இல்லாததால் கேபிள் வழியாக எல்என்பிக்கு வோல்ட் ஏற்றும் பொறுப்பு நம்முடையது. யுனிவர்சல் எல்என்பிக்கு ஏறத்தாழ 13 வோல்ட் கொடுத்தால் வெர்டிகல் போலரைசேஷனையும் (அலை செங்குத்தாக அதிர்வது), 18 வோல்ட் கொடுத்தால் ஹரிசான்டல் போலரைசேஷனையும் (கிடைமட்டமாக அதிர்வது) தேர்ந்தெடுக்கும். எளிய வழி எல்எம்317 என்ற, வோல்ட்டை மாற்றியமைக்கக்கூடிய ரெகுலேட்டர் சிப். வெளியீட்டிலிருந்து அட்ஜஸ்ட் காலுக்கு 240 ஓம் வைத்து, அட்ஜஸ்ட் காலிலிருந்து தரைக்கு 2.2 கிலோ ஓம் வைத்தால் சுமார் 12.7 வோல்ட் வரும், 3.3 கிலோ ஓம் வைத்தால் சுமார் 18.4 வோல்ட் வரும். ஒரு டாகிள் சுவிட்சால் இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம். உள்ளே 22 வோல்ட் அளவு கொடுக்கவும், ஹீட் சிங்க் வைக்கவும், வெளியீட்டில் அரை ஆம்பியர் பாலிஃபியூஸ் (தானே மீளும் ஃபியூஸ்) ஒன்று சேர்க்கவும் மறக்காதீர்கள். எஃப் கனெக்டர் போடும்போது வலைக்கம்பியின் ஒரே ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டுவிட்டாலும் முழு மின்னோட்டமும் அங்கே பாயும். கனெக்டரைத் திருகுவதற்கு முன் கண்ணருகே வைத்துப் பாருங்கள். நடுக்கம்பியைச் சுற்றியுள்ள வெள்ளை டைஎலெக்ட்ரிக்கின் முகம் கனெக்டரின் உள்விளிம்போடு சமமாக இருக்க வேண்டும், நடுக்கம்பி விளிம்பைத் தாண்டி 2 மில்லிமீட்டர் அளவு நீள வேண்டும், வெள்ளை வட்டத்தின் மீது செம்பு மயிரிழை ஒன்றுகூடக் கிடக்கக் கூடாது. பின்னாளில் 437 அல்லது 1255 மெகாஹெர்ட்ஸில் நிலத்து ஒளிபரப்பைப் பிடிக்க இதே சாக்கெட்டில் ஆன்டெனாவை நேரடியாக மாட்டுவதானால், முதலில் இந்த வோல்ட்டை அணைத்துவிடுங்கள். பல ஆன்டெனாக்கள் நேர்மின்சாரத்துக்கு நேரடி ஷார்ட்.

எல்என்பியைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 9.75 / 10.6 என்று இருந்தால் பயன்படும். ஒரே உள் அலைவி கொண்டவற்றில் 10.6 அல்லது 10.75 என்று போட்டிருந்தால் அது இதற்கு உதவாது. யுனிவர்சல் எல்என்பியிலும் கேபிளில் 22 கிலோஹெர்ட்ஸ் டோன் ஏறினால் அது 10600 க்குத் தாவிவிடும். ஆகவே டோன் இருக்கவே கூடாது. தரவு ஏட்டில் கீழ் எல்லை 10700 என்று போட்டிருந்தாலும் 10491 இல் சிறிது இழப்போடு வேலை செய்யும். டோனையும் வோல்ட்டையும்விட முக்கியமானது, உள்ளே பிஎல்எல், அதாவது அலைவியைக் குவார்ட்ஸ் படிகத்தோடு பூட்டி நகராமல் வைக்கும் சுற்று, இருப்பது. அந்தச் சுற்று இல்லாத பழைய டிஆர்ஓ வகை எல்என்பிகள் வெயில் ஏற ஏற மெகாஹெர்ட்ஸ் கணக்கில் நகரும். வணிக ஒளிபரப்பின் 30 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு அது ஒரு பொருட்டல்ல. 333 கிலோ சிம்பல் சிக்னலுக்கோ, தேடுகிற இடத்திலேயே ஆள் இல்லாமல் போய்விடும். நம் ஊர் மொட்டைமாடி வெயிலில் பிஎல்எல் இல்லாத எல்என்பியை நம்பி இறங்க வேண்டாம் என்பதே என் உறுதியான ஆலோசனை.

இனி டிஷ்ஷைத் திருப்புவது. இங்கேதான் ஐரோப்பியர்கள் எழுதிய வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றினால் நாம் தடுமாறுவோம் என்பதால் நிதானமாகச் சொல்கிறேன். செயற்கைக்கோள் ஏறத்தாழ 26 டிகிரி கிழக்கு நெடுக்கோட்டில் நிற்கிறது. சென்னையோ 80 டிகிரி கிழக்கில். எனவே அது நமக்குக் கிட்டத்தட்ட நேர் மேற்கில் தெரியும். சென்னைக்குக் கணக்கிட்டால் திசை வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 261 டிகிரி, ஏற்றம் 27 டிகிரி. யாழ்ப்பாணத்துக்கு 263 டிகிரி, ஏற்றம் 27 முதல் 28 டிகிரி. டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்காக 93.5 டிகிரி கிழக்கை நோக்கி வைத்த டிஷ் உச்சிவானைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதற்கு அதை மேற்கே திருப்பிக் கீழே சாய்க்க வேண்டும். லண்டனிலிருந்து பார்த்தாலும் இதே செயற்கைக்கோள் ஏறத்தாழ 26 டிகிரி ஏற்றத்தில்தான் தெரிகிறது. ஆகவே தொலைவு அவர்களுக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒன்றே. அமெச்சூர் டிரான்ஸ்பாண்டர்களின் கீழ்நோக்கிய கற்றை குறிப்பிட்ட நாடுகளை மட்டும் நோக்காமல், கோளுக்குத் தெரியும் பூமி முழுவதையும் தழுவுவது. அதனால் அங்கே 80 அல்லது 90 சென்டிமீட்டர் டிஷ்ஷில் கிடைக்கும் பலனை இங்கும் எதிர்பார்க்கலாம். 60 சென்டிமீட்டரில் பீக்கனைப் பிடிக்க முயலலாம், ஆனால் மழைமேகம் வரும்போது தாக்குப்பிடிக்க இடமிருக்காது.

அதே நெடுக்கோட்டை ஒட்டி நிற்கும் அரபு ஒளிபரப்புகளை முதலில் பிடித்து டிஷ்ஷைச் சரிசெய்யுங்கள் என்று ஐரோப்பிய வழிகாட்டிகள் சொல்லும். அந்தக் கற்றைகள் மேற்கு ஆசியாவையும் வட ஆப்பிரிக்காவையும் குறிவைத்தவை. தென்னிந்தியாவில் அவற்றை நம்பி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம், பீக்கனையே நேரடியாகத் தேடுங்கள். ஆனால் திசையைச் சரிபார்க்க நமக்குச் சூரியன் இருக்கிறது. மார்ச் 15 ஐ ஒட்டிய நாட்களில் மாலை ஏறத்தாழ 4.25 மணிக்கும், செப்டம்பர் 28 ஐ ஒட்டிய நாட்களில் ஏறத்தாழ 4.05 மணிக்கும், சென்னையிலிருந்து பார்க்கும்போது சூரியன் இந்தச் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். அந்த நேரத்தில் டிஷ் வைக்கப்போகும் இடத்தில் வெயில் விழுந்தால் வழியில் மறைப்பு இல்லை. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழலோ தென்னை மட்டையின் நிழலோ விழுந்தால், டிஷ்ஷை நகர்த்தத்தான் வேண்டும்.

அடுத்து வருவது போலரைசேஷன். அகலப் பட்டை ஹரிசான்டலில் இறங்குகிறது, ஆகவே 18 வோல்ட் கொடுங்கள் என்று எல்லா வழிகாட்டிகளிலும் இருக்கும். செயற்கைக்கோளில் ஹரிசான்டல் என்பது நிலநடுக்கோட்டுத் தளத்துக்கு இணையான திசை. ஐரோப்பாவில் இருப்பவர் தெற்கே பார்க்கும்போது அது அவருக்கும் கிடைமட்டமாகவே தெரியும். நிலநடுக்கோட்டுக்கு அருகிலிருந்து மேற்கே பார்க்கும் நமக்கோ, அந்தத் தளம் நம் தலைக்கு மேலே எழுந்து மேற்கில் இறங்குகிறது. ஆகவே செயற்கைக்கோளின் ஹரிசான்டல் நமக்கு ஏறத்தாழ செங்குத்தாக வந்து சேர்கிறது. சென்னைக்கு இந்தத் திருப்பம் 74 டிகிரி. எல்என்பியைச் சாதாரணமாக நிமிர்த்தி வைத்து, வழிகாட்டி சொன்னபடி 18 வோல்ட் கொடுத்தால், வரவேண்டிய சிக்னலில் ஏறத்தாழ 11 டெசிபல் போய்விடும். டிஷ் மிகச் சரியாக நின்றாலும் பீக்கன் கிடைக்காது.

தீர்வு இரண்டு வகை. எல்என்பியை 74 டிகிரி திருப்பி 18 வோல்ட் கொடுக்கலாம்; பல தாங்கிகளில் கேபிள் இடிப்பதால் இது எளிதல்ல. நான் சொல்வது மற்றதை: எல்என்பியை நிமிர்ந்த நிலையிலேயே வைத்து 13 வோல்ட் கொடுங்கள். அப்போது விலகல் 16 டிகிரி மட்டுமே, இழப்பு அரை டெசிபலுக்கும் குறைவு. பீக்கன் பிடிபட்ட பிறகு, டிஷ்ஷுக்குப் பின்னால் செயற்கைக்கோளை நோக்கி நின்றபடி, எல்என்பியை இடஞ்சுழியாக 16 டிகிரி திருப்பினால் அந்த மிச்ச இழப்பும் தீரும். இந்த அமைப்பில் குறுகிய பட்டையின் வெர்டிகல் சிக்னலைக் கேட்க விரும்பினால் 18 வோல்ட்டுக்கு மாற வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். கன்னியாகுமரிக்குப் போகப் போகத் திருப்பம் இன்னும் சற்றுக் கூடி 80 டிகிரியை நெருங்கும், வழி அதுவே.

பலகை தயார், டிஷ் நிற்கிறது. மென்பொருளில் சிம்பல் வீதம் 1500, உள் அலைவி 9750000, அதிர்வெண் 10491500 என்று கொடுங்கள். இவை கிலோ கணக்கில். முதலில் பார்க்க வேண்டியது படத்தை அல்ல, ஆர்எஃப் அளவை, அதாவது கேபிளில் வரும் மொத்த வலிமையை. எல்என்பிக்கான மின்சாரத்தை அணைத்துப் போட்டால் அந்த அளவு தெளிவாக ஏறி இறங்க வேண்டும். ஏறவில்லையென்றால் டிஷ்ஷைத் தொடாதீர்கள். குறை கேபிளிலோ வோல்ட்டிலோதான். ஏறினால், டிஷ்ஷைக் கணக்கிட்ட ஏற்றத்தில் வைத்துப் பக்கவாட்டில் மிக மெதுவாக நகர்த்துங்கள். டிமாடுலேட்டர் பூட்டுவதற்கு, அதாவது சிக்னலை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்வதற்கு, சிறிது நேரம் எடுக்கும் என்பதால், ஒவ்வொரு நகர்வுக்கும் பின் ஓரிரு நொடி நிறுத்தியே பார்க்க வேண்டும். பூட்டியதும் மென்பொருள் உண்மையான அதிர்வெண்ணைக் காட்டும். கேபிளில் 741.500 க்குப் பதில் 741.620 என்று காட்டினால், உங்கள் எல்என்பியின் அலைவி 9750 அல்ல, 9749.880 என்று பொருள். அந்த எண்ணையே அலைவிக்கான இடத்தில் எழுதிவிடுங்கள். இனி மற்ற நிலையங்களின் அதிர்வெண்களைக் கொடுத்தால் நேராக அங்கே போய் நிற்கும். காலையிலும் நண்பகலிலும் பீக்கனைக் கொண்டு இதைச் சரிபார்த்துக்கொள்வது நல்ல பழக்கம்.

இப்போது அந்த எண்களுக்கு வருகிறேன். மென்பொருள் காட்டுவதில் முதன்மையானது எம்இஆர் என்ற டெசிபல் அளவு. சிக்னல் இரைச்சலைவிட எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பதை அது சொல்கிறது. டிவிபி-எஸ்2 இல் கியூபிஎஸ்கே 4/5 க்குக் கோட்பாட்டின்படி ஏறத்தாழ 4.7 டெசிபல் இருந்தால்தான் படம் பிறக்கும். 2/3 க்கு 3.1 போதும், 1/2 க்கு 1 போதும், சிம்பலுக்கு மூன்று பிட் ஏற்றும் 8பிஎஸ்கே 3/4 க்கு 7.9 வேண்டும். எம்இஆரிலிருந்து இந்த எல்லையைக் கழித்து வரும் மிச்சத்தை மென்பொருள் ‘டி’ என்ற எழுத்தோடு தனியே காட்டும். பீக்கனுக்கு எம்இஆர் 8.2 என்றால் டி3.5. அந்த 3.5 டெசிபல்தான் மழைக்கும் காற்றில் டிஷ் அசைவதற்கும் உங்களிடம் உள்ள கையிருப்பு. டிஷ்ஷின் திருகுகளை இறுக்கும்போது கண் இந்த எண்ணின் மேலேயே இருக்கட்டும். இறுக்கும் கடைசிச் சுற்றில் டிஷ் சற்றே நகர்ந்து அரை டெசிபல் போவது வழக்கம். அதைப் படம் காட்டாது, எண் காட்டிவிடும். எல்என்பியைத் தாங்கிக்குள் முன்னும் பின்னும் சில மில்லிமீட்டர் நகர்த்திப் பார்த்தும், போலரைசேஷன் கோணத்தைத் திருப்பிப் பார்த்தும், இதே எண்ணை உச்சத்துக்குக் கொண்டுவர முடியும்.

பூட்டியிருக்கிறது, எம்இஆர் நன்றாக இருக்கிறது, நிலையத்தின் அழைப்புக்குறிகூடச் சேவையின் பெயராகத் தெரிகிறது, படம் மட்டும் இல்லை என்றால், வானத்தோடு உங்கள் வேலை முடிந்துவிட்டது. குறை, சுருக்கி அனுப்பிய படத்தை விரித்துக் காட்டும் கணினியின் கோடெக்கில் இருக்கிறது. மினிட்யூனோடு லாவ் ஃபில்டர்கள் என்ற கோடெக் தொகுப்பை நிறுவ வேண்டும், எச்.265 என்ற படச்சுருக்க முறையில் அனுப்பும் நிலையங்கள் இப்போது நிறைய. லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு லாங்மிண்ட் என்ற திறமூல நிரல் உண்டு; அது டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீமை வெளியே தள்ளும், விஎல்சியில் பார்த்துக்கொள்ளலாம்.

கேபிளைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். நம் சிக்னல் கேபிளில் 741 முதல் 749 மெகாஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. 2022 அலைக்கற்றை ஏலத்துக்குப் பிறகு இந்தியாவில் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 5ஜி வந்துவிட்டது. அந்தப் பட்டை வகுப்பில் கைபேசிகள் அனுப்பும் பகுதி 703 முதல் 748 வரை, கோபுரங்கள் அனுப்பும் பகுதி 758 முதல் 803 வரை. ஒரு பகுதி நம் பட்டை மேலேயே படுகிறது, மற்றொன்று ஒட்டி நிற்கிறது. மலிவான கேபிளின் தளர்ந்த வலைப்பின்னலும், கையால் திருகி மாட்டும் எஃப் கனெக்டரும் இவற்றை உள்ளே விட்டுவிடும். நல்ல ஆர்ஜி-6 கேபிளும் கம்ப்ரஷன் வகைக் கனெக்டரும் போடுங்கள். டிஷ்ஷைத் தொடாமலேயே எம்இஆர் ஏறி இறங்கினால், மடிக்கணினி அருகே இருக்கும் கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டுப் பாருங்கள்.

பீக்கன் நிலையாக வந்த பிறகு மற்ற நிலையங்களுக்குப் போகலாம். பட்டையின் நடுப்பகுதியில் 1 மெகா சிம்பல் வரையிலான அகல சிக்னல்களும், மேற்பகுதியில் குறுகியவையும் இருக்கும். 333 கிலோ சிம்பல், கியூபிஎஸ்கே 4/5 என்றால் நொடிக்குச் சுமார் 528 கிலோபிட் மட்டுமே கிடைக்கும். அதற்குள் ஒரு மனிதரின் முகமும் குரலும் தெளிவாக வந்துவிடுகின்றன. இந்த நேரத்தில் யார் எங்கே அனுப்புகிறார்கள் என்பதை இங்கிலாந்தின் கார்ன்வாலில் உள்ள கூன்ஹில்லி தரை நிலையத்தில் பிஏடிசி வைத்திருக்கும் ரிசீவரின் ஸ்பெக்ட்ரத்தை இணையத்தில் திறந்தாலே பார்க்கலாம். ஒவ்வொரு சிக்னலின் அதிர்வெண்ணும் சிம்பல் வீதமும் அங்கே தெரியும். உங்கள் டிஷ் இன்னும் சரியாக நிற்காத நாட்களில், அந்த நேரத்தில் பீக்கன் உண்மையில் ஒளிபரப்பில் உள்ளதா என்று உறுதி செய்துகொள்ளவும் அது உதவும்.

ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற, கணினியில் மாட்டும் மென்பொருள் ரேடியோ டாங்கிள் கையில் இருக்கிறது என்றால், நிம் வந்து சேரும் வரை எஸ்டிஆர்-ஏஞ்சல் மென்பொருளோடு அதைப் பயன்படுத்திப் பாருங்கள். 741 மெகாஹெர்ட்ஸ் அதன் எல்லைக்குள் வருகிறது. பீக்கனின் மேட்டை ஸ்பெக்ட்ரத்தில் கண்ணால் கண்டு டிஷ்ஷைத் திருப்ப அதுவே மிக வசதியான கருவி. டிஷ்ஷின் கேபிள் டாங்கிளுக்குப் போகும்போது எல்என்பிக்கான வோல்ட்டைத் தனியாக, கேபிளில் மின்சாரத்தைச் சேர்க்கும் பவர் இன்சர்ட்டர் வழியாகவே கொடுக்க வேண்டும். டாங்கிளின் பக்கம் நேர்மின்சாரம் போகக் கூடாது. ஆனால் அதன் 8 பிட் மாதிரியெடுப்பையும் கணினியின் மேல் ஏறும் சுமையையும் பார்க்கும்போது, பலவீனமான சிக்னலில் நிம் தரும் நிதானம் அதனிடம் கிடைக்காது.

பார்ப்பதற்கு மேற்சொன்னவை போதும். மேலே அனுப்ப விரும்பினால் அமெச்சூர் உரிமமும் 2.4 கிகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டரும் வேண்டும், அது தனியாக எழுத வேண்டிய விஷயம். அதுவரை, ஒரு நிலையத்தைப் பிடித்தால் அந்த ஸ்பெக்ட்ரம் பக்கத்திலேயே இருக்கும் அரட்டைப் பகுதியில் உங்கள் ஊர், டிஷ்ஷின் அளவு, டி எண் ஆகிய மூன்றையும் அவருக்குத் தெரிவியுங்கள். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் அறிக்கை, தன் சிக்னல் தொலைதூரத்தில் எப்படி இறங்குகிறது என்று அறிய அவருக்கு உதவும்.